பாரோமீட்டர் மாமாவிடம் இல்லாத நீலம்

கொல்கத்தாவில் எத்தனை லட்சம் பேர் இருக்கிறார்களோ, அத்தனை பேரிலும் தினமும் காலையில் துணியைத் தூக்கிப் பிடித்து வானத்துக்குச் சாயம் பார்த்த மனிதர் ஒருவர்தான். அவர் எங்கள் வீட்டுக்கு நேர் மேல் வீட்டில் இருந்தார். என்னிடம் இருக்கும் வெள்ளைத் துணிகள் எல்லாவற்றிலும் அவருடைய முத்திரை உண்டு.

லேக் கார்டன்ஸில் நாங்கள் இருக்கும் கட்டடம் நான்கு மாடி. லிஃப்ட் இருக்கிறது, துர்கா பூஜை போல அதுவும் வருஷத்துக்கு நாலைந்து நாள்தான் நடக்கும். மூன்றாம் மாடியில் நான், என் கணவர், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்கள். எனக்கு அலிப்பூரில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை. நான்காம் மாடியில் பாரோமீட்டர் மாமாவும் மாமியும். பிள்ளை குட்டி கிடையாது. மூன்று தலைமுறையாகக் கொல்கத்தாவாசிகள். பூர்வீகமான கும்பகோணத்தை யாரோ ஒருவர் கல்யாணத்துக்குப் போய்ப் பார்த்ததோடு சரி.

நாங்கள் குடிவந்த முதல் வாரம், பெண்களின் பள்ளிச் சட்டைகளைத் துவைத்துப் பால்கனியில் காயப்போட்டேன். மாலையில் எடுத்தால் தோளிலும் முதுகிலும் நீலப் பொட்டுகள். அண்ணாந்து பார்த்தேன். எங்கள் கொடிக்கு நேர் மேலே இன்னொரு கொடி, அதில் கைக்குட்டை அளவில் வரிசையாகத் துணித் துண்டுகள். முதல் துண்டு வெள்ளை. அடுத்தது வெள்ளைதானா என்று சந்தேகம் வருகிற நீலம். அப்படியே கூடிக்கொண்டே போய்க் கடைசித் துண்டு பேனா மசி நிறத்தில் இருந்தது. எல்லாம் சொட்டிக்கொண்டிருந்தன. சட்டையைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறினேன். மேலே இருப்பவர்கள் தமிழர்கள் என்று அப்போது தெரியாது. திட்டப் போவதை எல்லாம் இந்தியில் தயார் செய்துகொண்டே போனேன்.

கதவைத் திறந்த மாமி, என்னைப் பார்க்கவில்லை, சட்டையைத்தான் பார்த்தாள். பிறகு உள்பக்கம் திரும்பினாள்.

"ஏன்னா, உங்களுக்கு இன்னொரு கேஸ் வந்திருக்கு."

தமிழைக் கேட்டதும் பாதிக் கோபம் போயிற்று. மாமி கொடுத்த காபியில் மீதியும் போயிற்று. பனியனும் வேட்டியுமாக வந்த மாமா மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன். அவர் சட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, ஒரு துண்டை அருகில் வைத்துப் பார்த்து, இது நாலாம் நீலம், அதில்தான் சாயம் சரியாக ஏறவில்லை என்று சந்தேகப்பட்டேன், இப்போது நிச்சயமாகிவிட்டது என்று சொல்லி எனக்கு நன்றி தெரிவித்தார்.

அந்தத் துண்டுகள் மாமாவின் பழைய வேட்டிகள். சாயம், சலவைக்குப் போடும் நீலம். ஒரு கிண்ணத்தில் ஒரு சொட்டு, அடுத்த கிண்ணத்தில் ஒன்றிரண்டு கூடுதலாக, இப்படி நனைத்து வானத்தின் நீலத்தை அளக்க ஓர் அளவுகோல் செய்திருந்தார். காலையில் பால்கனியில் நின்று, ஒரு கண்ணை மூடி, கையை நீட்டித் துணியைப் பிடித்து, இன்றைக்கு வானம் எந்த நம்பர் என்று பார்ப்பார். குளிர்காலத்துக் கொல்கத்தாப் புகையில் முதல் துணியே கூடுதல். ஆனால் வெயிலில் காயக் காயச் சலவை நீலம் வெளுத்துவிடும். அதனால் திரும்பத் திரும்ப நனைக்க வேண்டும். நனைத்தால் சொட்டும். சொட்டினால் கீழே நான்.

இந்தப் பைத்தியம் பிடித்த கதையையும் மாமிதான் சொன்னாள். மாமா எடைக்கருவி விற்கும் ஓர் இடத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பின் வந்த முதல் கோடையில் வீட்டு வெக்கை தாங்காமல் அலிப்பூரில் இருக்கும் பெரிய நூலகத்துக்குத் தூங்கப் போனார். சும்மா தூங்கக் கூச்சமாக இருந்ததால், கைக்கு எட்டியதில் தடியான புத்தகம் ஒன்றை எடுத்து எதிரே விரித்து வைத்துக்கொண்டார். அதைப் பார்த்ததும் தூக்கம் போய்விட்டது. அன்றைக்குப் போனதுதான்.

இருநூறு வருஷத்துக்கு முன்னால் தென்னமெரிக்காவின் மலைகளில் ஏறிய ஒரு ஜெர்மானியரின் பயணம் அது. கண்ணாடிக் குழாயும் வெப்பமானியும் நீல அட்டையும் சுமந்துகொண்டு, செருப்பு கிழிய, ஈறில் ரத்தம் வர ஏறி, காற்றின் கனத்தையும் தண்ணீர் கொதிக்கும் சூட்டையும் வானத்தின் நிறத்தையும் அளந்தவர். மலையடியில் வாழை, உச்சியில் பாசி, நடுவே உலகத்துச் செடி கொடி எல்லாம் உயரப்படி அடுக்காக இருக்கிறது என்று படம் போட்டுக் காட்டியவர். மாமா அவர் பெயரைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. புருஷன் பெயரைச் சொல்லக் கூசும் அந்தக் காலத்துப் பெண்கள் மாதிரி "நம்மவர்" என்றுதான் சொல்வார். மாமி "அந்த ஜெர்மன்காரன்" என்பாள்.

நம்மவரை மூலத்திலேயே படிக்க வேண்டும் என்று மாமா வீடியோ பார்த்து ஜெர்மன் கற்றுக்கொண்டார். மாமி வெண்டைக்காய் நறுக்கும்போது எதிரே உட்கார்ந்து ஒப்பிப்பார். கடைசியில் குக்கர் விசிலை மாமி ஐன்ஸ், த்ஸ்வை, த்ரை என்று எண்ணத் தொடங்கிவிட்டாள். அவளுக்கே அது தெரியவில்லை. நான் சொன்னபோது கோபித்துக்கொண்டாள்.

பாரோமீட்டர் என்ற பெயர் வந்தது ஆட்டோவில். பழைய சாமான் ஏலத்தில் காற்றழுத்தம் காட்டும் பாதரசப் பாரோமீட்டர் ஒன்றை, ஆள் உயரத்துக்கு இருப்பதை, எடுத்தார். படுக்க வைத்தால் கெட்டுவிடும் என்று அதை நிற்க வைத்தே கொண்டுவர வேண்டும் என்றார். ஆட்டோவின் கூரை ஒத்துக்கொள்ளவில்லை. எனவே மாமா ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்து, வெளியே கைநீட்டிக் குழாயைச் செங்கோல் மாதிரி பிடித்தபடி டாலிகஞ்ச் வழியாக வந்து சேர்ந்தார். தெருமுனை டீக்கடையில் நின்றவர்கள் ஏதோ சாமி ஊர்வலம் என்று கும்பிட்டார்களாம். அன்றிலிருந்து வங்காளிகளுக்கு அவர் பாரோமீட்டர் காகு, எங்களுக்குப் பாரோமீட்டர் மாமா.

அதை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாரா? சித்திரை வைகாசியில் மாலை நேரத்தில் கால்பைசாகி என்று ஒரு புயல் காற்று அடிக்கும். பாதரசம் இறங்குகிறது, துணியை எடுங்கள் என்று மாமா படிக்கட்டில் நின்று அறிவித்தார். நான்கு மாடிப் பெண்களும் ஓடிப்போய்த் துணி எடுத்தோம். இலைகூட ஆடவில்லை. மறுநாள் பாதரசம் அசையவில்லை, நிம்மதியாக இருங்கள் என்றார். அன்று அடித்த காற்றில் செக்ரெட்டரி பாபுவின் லுங்கி ரயில் பாதையைத் தாண்டிப் போய்விட்டது. நம்மவருக்கும் இப்படி எத்தனையோ தடவை ஆகியிருக்கும் என்று மாமா சமாதானம் சொன்னார். நம்மவர் லுங்கி கட்டியிருக்க மாட்டார் என்றார் செக்ரெட்டரி.

செக்ரெட்டரி பாபு என்பவர் எங்கள் குடியிருப்போர் சங்கத்தைப் பல வருஷமாக ஆண்டு வரும் முதல் மாடிக்காரர். நம்மவர் மலைக்குப் போட்ட படத்தை மாமா எங்கள் கட்டடத்துக்குப் போட்டு, படிக்கட்டுச் சுவரில் ஒட்டினார். தரைத்தளம் செம்பருத்தியும் கொசுவும். முதல் மாடி மீன் பொரியும் மண்டலம். இரண்டில் கடுகெண்ணெய் குறைந்து சீரகம் தொடங்குகிறது. மூன்றும் நான்கும் சாம்பார் மண்டலம். அதற்கு மேல் புறாவும் பாசியும். சங்கத்தில் பெரிய ரகளை ஆகும் என்று நான் பயந்தேன். செக்ரெட்டரி பாபு மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் படித்தார். மீன் மண்டலத்தைக் கொஞ்சம் சின்னதாகப் போட்டுவிட்டீர்கள், ஞாயிற்றுக்கிழமை அது இரண்டாம் மாடி வரை போகும் என்று திருத்தம் மட்டும் சொன்னார்.

இன்னொரு தடவை வாசல் கடம்ப மரத்தை வெட்டிக் கார் நிறுத்த இடம் செய்யலாம் என்று சங்கத்தில் பேச்சு வந்தது. மாமா எழுந்தார். நம்மவர் ஓர் ஏரிக்கரையில் மரங்களை வெட்டியதால் ஏரியே வற்றியதைக் கண்டதில் தொடங்கி, ஒன்றோடு ஒன்று எப்படி எல்லாம் பின்னியிருக்கிறது என்று விளக்கினார். விளக்கிக்கொண்டே இருந்தார். பசி வந்து ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். தீர்மானம் போட ஆள் இல்லை. மரம் இன்றும் இருக்கிறது.

இவ்வளவு ஆட்டத்துக்கும் நடுவில் மாமாவுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. நம்மவருக்கு வாழ்நாள் முழுக்க இமயமலையைப் பார்க்க ஆசை. லண்டன் போய்ப் போய்க் கேட்டார். இந்தியாவை அப்போது ஆண்ட கம்பெனி கடைசிவரை அனுமதி தரவில்லை. இந்த ஆள் வந்தால் மலையோடு நிற்க மாட்டான், நம் ஆட்சியையும் அளந்து எழுதிவிடுவான் என்று பயம். இதைச் சொல்லும்போது மாமாவின் குரல் மாறிவிடும்.

"வந்திருந்தா நம்ம கங்கையிலதாம்மா எறங்கியிருப்பார். இந்த ஊர் வழியாத்தான் மலைக்குப் போயிருப்பார். அந்தக் காலத்துல ஒலகத்த அளந்தவா கொஞ்சம் பேர், அளந்ததப் பிடிச்சிண்டவா நெறையப் பேர். நடுவுல இவர் மாட்டிண்டார். அவருக்காக நான் ஒரு தடவ போய்ப் பாத்துட்டு வந்துடணும்."

அளந்து பார்க்க வேண்டியது இரண்டு. மலைமேல் தண்ணீர் எத்தனை சூட்டில் கொதிக்கிறது, பனிச் சிகரத்துக்குப் பின்னால் வானம் என்ன நீலம். டார்ஜிலிங் போனால் போதும், ஒரு ராத்திரி ரயில்தான். ஆனால் மாமா இதயத்தில் கோளாறு வந்து ஒரு தடவை ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்தவர். மலை என்ற வார்த்தையை எடுத்தாலே மாமி சமையலறைக்குள் போய்விடுவாள். அதனால் மாமிக்கு மாமா வைத்த பெயர் "கம்பெனி". வருஷா வருஷம் நம்மவர் பிறந்த நாளில் மாமா கேட்டு மாமி பாயசம் வைப்பாள். எங்களுக்கும் ஒரு கிண்ணம் வரும். பாயசம் குடித்துவிட்டு மாமா துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, எழுந்து நின்று, மலைக்குப் போக முறைப்படி அனுமதி கேட்பார். மாமி கிண்ணங்களை எடுத்துக்கொண்டே முடியாது என்பாள். கம்பெனி சாங்ஷன் பண்ணவில்லை என்று எங்களுக்கு அறிவித்துவிட்டு மாமா உட்கார்ந்துவிடுவார். என் பெண்களுக்கு இது ஒரு பண்டிகை மாதிரி ஆகிவிட்டது.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் பிறந்த நாள் வந்தது. பாயசம் வந்தது. மாமா குடித்தார், வாயைத் துடைத்தார், நன்றாக இருக்கிறது என்றார், போய்ப் படுத்துக்கொண்டார். கேட்கவில்லை.

மறுநாள் நான் அலுவலகத்திலிருந்து வந்ததும் மாமி கீழே இறங்கி வந்தாள். அவள் மாடிப்படி இறங்குவதே அபூர்வம். என் சமையலறை வாசலில் நின்றாள்.

"இந்த வருஷம் கேக்கலடி கோமதி."

"மறந்திருப்பாங்க மாமி."

"அவரா மறப்பார்? ஆசையே விட்டுப் போச்சோன்னு பயமா இருக்கு. கேட்டுண்டு இருந்த வரைக்கும் மனுஷன் இருப்பார்னு தைரியமா முடியாதுன்னேன்."

காபி போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டு, டாக்டரிடம் கேட்கப் போகிறேன், நீயும் கூட வா என்றாள். அந்த வங்காளி டாக்டர் எல்லாச் சோதனையும் செய்து பார்த்துவிட்டு, அவசரப்படாமல், ஏறி இறங்கி ஆட்டம் போடாமல் போய்வாருங்கள், மலையைப் பார்க்காத வங்காளத்துக்காரன் எதற்கு என்றார். அன்று சாயங்காலம் மாமி பால்கனிக்குப் போய், வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மாமாவின் முதுகுக்குப் பின்னால் நின்று, கம்பெனி சாங்ஷன் பண்ணியாச்சு என்றாள். மாமா திரும்பவே இல்லையாம். துணியை வைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். முகமெல்லாம் ஆறாம் நீலம் என்று மாமி பிற்பாடு சொல்லிச் சிரித்தாள்.

பூஜை விடுமுறையில் வங்காளமே டார்ஜிலிங்கில்தான் இருக்கும், டிக்கெட் கிடைக்கவில்லை. பள்ளிக்கூட லீவில், அடுத்த கோடையில் கிளம்பினோம். துணைக்கு நான் போனேன். பெண்களை என் கணவர் பார்த்துக்கொண்டார். செக்ரெட்டரி பாபு தன் குரங்குக் குல்லாயை மாமாவுக்குக் கொடுத்தார். மலைக்குப் போகும் வங்காளி பணமில்லாமல் போனாலும் போவான், கண்ணும் மூக்கும் மட்டும் தெரிகிற அந்தக் கம்பளிக் குல்லாய் இல்லாமல் போக மாட்டான். மாமா பையில் வெப்பமானியும் நீலத் துணிகளும். மாமி பையில் குக்கர், ரவை, பருப்பு, காபிப்பொடி. பாரோமீட்டரை மட்டும் மாமி படியிறங்க விடவில்லை.

போய்ச் சேர்ந்தால் மலையைக் காணோம். மேகம். விடுதி ஜன்னலுக்கு வெளியே வெள்ளை வேட்டி கட்டித் தொங்கவிட்டது போல ஒரே வெள்ளை. மாமா ஒவ்வொரு விடியலிலும் குல்லாயை மாட்டிக்கொண்டு வாசலில் துணியை நீட்டி நின்றார். முதல் துணியைத் தாண்டவில்லை. டீ கொண்டுவந்த விடுதிக்காரர், இந்த மாசத்தில் மலை தெரிந்தால் உங்கள் அதிர்ஷ்டம் என்று சொல்லிவிட்டுப் போவார். மாமா துணியை மடித்துவைப்பார். அவரைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. மாமி மட்டும் அவர் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் போய்ச் சால்வையை இழுத்துப் போர்த்திவிட்டு வருவாள்.

கடைசி நாள் காலை. ஜீப் வரச் சொல்லியிருந்தோம். வானம் போனால் போகட்டும், தண்ணீரையாவது அளந்துவிடுகிறேன் என்று மாமா விடுதிச் சமையலறைக்கு வந்தார். மாமி அடுப்பில் உப்புமாவுக்குத் தண்ணீர் வைத்திருந்தாள். மாமா வெப்பமானியை நூலில் கட்டி அதற்குள் தொங்கவிட்டார். குல்லாயைக் கழற்றாமல் குனிந்து பாதரசத்தையே பார்த்தார். நான் கை காய அடுப்பருகே நின்றேன். புகைக்குக் கண் எரிகிறது என்று மாமி பின்வாசல் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள்.

கொஞ்ச நேரத்தில் அவள் குரல் வந்தது. சத்தமாக இல்லை.

"ஏன்னா. இங்க வாங்கோ."

"இரு, இப்பத்தான் கொதிக்கறது. ஏறிண்டிருக்கு, நிக்கட்டும்."

"சித்த வாங்கோளேன்."

"பாதரசம் நிக்கணும்மா, பாதியில விடப்படாது."

பாதரசம் நின்றது. மாமா அதை மனசுக்குள் குறித்துக்கொண்டு வெளியே போனார். நான் பின்னாலேயே போனேன். எதிரே வெள்ளை. மாமி ஒரு கையை மலை இருந்த பக்கம் நீட்டியபடி அப்படியே நின்றிருந்தாள். கன்னத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

மூடிக்கொண்டுவிட்டது என்றாள். முழுசா இருந்தது, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, வெயில் பட்டு ரோஜா நிறத்தில் என்றாள். எனக்கு மாமாவின் முகத்தைப் பார்க்கப் பயம். அவர் குல்லாயைக் கழற்றினார். கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"பின்னாடி வானம் என்ன நீலம்?"

இத்தனை வருஷம் அந்தத் துணிகளை விளக்குத் துடைக்கக்கூட லாயக்கில்லை என்று திட்டியவள் அவள். துணிக்கட்டை வாங்கிப் பிரித்தாள். கடைசித் துணியை எடுத்தாள், தலையை ஆட்டினாள்.

"இது இல்ல. இதவிடக் கறுப்பு, ஆனாப் பளபளன்னு. உங்ககிட்ட அந்த நீலம் இல்லன்னா."

மாமா அந்த ஈரக் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டார். நெஞ்சுவலியோ என்று நான் பதறினேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். "நம்மவர் பாக்கல, நானும் பாக்கல. கம்பெனி பாத்துடுத்து, கோமதி" என்றார். அதைச் சொல்லிச் சொல்லி, ஜீப் மலையிறங்கும் வரை சிரித்தார்.

ரயிலில் வைத்துத்தான் கணக்குப் போட்டார். உயரம் கூடக் கூடத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். கொதித்த சூட்டிலிருந்து உயரத்தைக் கண்டுபிடித்தால் டார்ஜிலிங் இருக்க வேண்டிய உயரத்துக்குச் சில நூறு அடி கீழே இருந்தது. மலை இறங்கிவிட்டதா, வெப்பமானி பொய் சொல்கிறதா என்று மண்டையைக் குடைந்துகொண்டார். எதிர் சீட்டில் புளியோதரைப் பொட்டலம் பிரித்துக்கொண்டிருந்த மாமி, தண்ணீரில் முதலிலேயே உப்புப் போட்டிருந்தேனே என்றாள். உப்புத் தண்ணீர் கூடுதல் சூட்டில்தான் கொதிக்கும். மலையைப் பார்க்கவிடாமல் பிடித்து வைத்த அளவே தப்பு. மாமா அவளையே பார்த்தார். மலை எறங்கினா எறங்கட்டும், உப்புமாவுக்கு உப்பு வேண்டாமா என்றாள் மாமி.

ஊர் திரும்பிய மறுநாள் மேல் பால்கனியில் ஒரே சத்தம். புதுத் துணி நனைக்கிறார்கள். மாமி இன்னும் ஒரு சொட்டு என்கிறாள், மாமா போதும் என்கிறார். பாத்தவா நானா நீங்களா என்கிறாள். காய்ந்த பிறகு சரியில்லை என்று மறுபடி நனைத்தார்கள். வாரக்கணக்கில் நடந்தது. என் தலையணை உறைகள் நாசமாயின. கடைசியில் ஒருநாள், இதுதான் என்று மாமி ஒப்புக்கொண்டாள். வரிசையின் கோடியில் அந்தத் துணி தொங்கியது. மாமா காலையில் வானத்துக்குத் துணி காட்டிய பின், அந்தத் துணியை மட்டும் தனியாகக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளே போவார்.

போன வருஷம் மழைக்காலத்தில், மத்தியானத் தூக்கத்திலேயே மாமா போய்விட்டார். கேவடாதலா சுடுகாட்டுக்குச் செக்ரெட்டரி பாபு அந்தக் குல்லாயைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். ஏன் கொண்டுவந்தோம் என்று அவருக்கே தெரியவில்லை.

அதன்பின் மேல் கொடி காலியாக இருந்தது. நான் குடிவந்ததிலிருந்து முதல்முறையாக என் வெள்ளைத் துணிகள் வெள்ளையாகக் காய்ந்தன. ஒருநாள் மடித்து வைக்கும்போது அந்த வெள்ளையைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது. மாமா அவ்வளவு தூரம் எனக்குச் சொந்தமாகியிருந்தது அன்றைக்குத்தான் புரிந்தது.

பூஜைக்கு முன்னால் மழை விட்டு வானம் கழுவினாற்போல் ஆகும் அல்லவா, அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை. படுக்கை விரிப்பைக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். விரிப்பின் நடுவே ஒரு சொட்டு விழுந்தது. கருநீலம். அண்ணாந்து பார்த்தேன். மாமி அந்தக் கோடித் துணியைப் பிழிந்துவிட்டு, ஒரு கண்ணை மூடி, வானத்துக்கு எதிரே நீட்டிப் பிடித்திருந்தாள்.

"ஏண்டி, சாயம் விழுந்துடுத்தா?"

"இல்ல மாமி."

"வெளுத்துப் போயிடுத்துடி இது. என்ன நீலம்னு எனக்கு மட்டுந்தானே தெரியும்."

வாளியில் மிச்சமிருந்த வெள்ளைத் துணிகளையும் எடுத்து, அதற்கு நேர் கீழே காயப்போட்டேன்.